சமூகக் கொள்கை ஆய்வேடு: பரங்கிப்பேட்டைக் கரையை முன்வைத்து

சமூகக் கொள்கை ஆய்வேடு என்பது வீட்டுவசதி, ரேஷன், ஓய்வூதியம், பேரிடர் மறுவாழ்வு போன்ற அரசு நடவடிக்கைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது யாரைச் சென்றடைந்தது, யாருக்குக் கிட்டவில்லை, ஏன் என்று முதுகலை மாணவர் நெறியாளரின் மேற்பார்வையில் தனியே ஆராய்ந்து எழுதுவது. 1950இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பேராசிரியரான ரிச்சர்ட் டிட்மஸ் சமூகக் கொள்கைத் துறைக்கு உருக்கொடுத்தவர்களில் முதன்மையானவர். தமிழ்நாட்டில் இத்தகைய ஆய்வேடுகள் பெரும்பாலும் சமூகப்பணி, சமூகவியல், பொருளியல் துறைகளில் எழுதப்படுகின்றன.

மாணவரை ஊருக்கு அனுப்பி எழுதவைக்கும் வழக்கம் இங்கே நூறாண்டைத் தாண்டியது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு எடுத்த கிராமக் கணக்குகள் 1918இல் நூலாயின. பரங்கிப்பேட்டை அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் இருவேல்பட்டும் அவற்றில் ஒன்று. 1930களிலும் 1980களிலும் 2008இலும் ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பிப் போனார்கள். முதல் கணக்கு எளியதுதான். ஆனால் ஒப்பிட வேறெதுவும் இல்லை.

பரங்கிப்பேட்டைக் கரையில் இன்றைய மாணவருக்கு வளமான பொருள் சுனாமி மறுவாழ்வு. 2004 டிசம்பர் 26 அன்று இக்கரை அடங்கிய கடலூர் மாவட்டத்தில் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த மார்ச்சில் வந்த வருவாய்த்துறை அரசாணை எண் 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் பழைய மனையை அரசிடம் ஒப்படைத்தால் அப்பால் புது வீடு என்றது. வலையையும் படகையும் கரையில் வைத்துவிட்டுத் தள்ளிக் குடியேறிய மீனவரின் அன்றாடம் என்ன ஆனது? ஒரு மாணவர் ஓராண்டில் விடை தேடக்கூடிய கேள்வி இது. ‘சுனாமி மறுவாழ்வு: ஒரு பார்வை’ என்று தலைப்பு வைத்தால் பத்தாண்டு போதாது.

காரணம் காட்டுவதில் எவ்வளவு நிதானம் வேண்டும் என்பதற்கு உள்ளூரிலேயே பாடம் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் இக்கரையின் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காடுகள் உயிர்ச்சேதத்தைக் குறைத்தன என்று 2005இல் எழுதினர். கெர், பேர்ட், கேம்பல் மூவரும் மறு ஆண்டே அதே தரவை மறுபடி கணக்கிட்டனர்: கடலிலிருந்து தொலைவும் நில உயரமும் சமமானால் காட்டின் பரப்பு சாவு எண்ணிக்கையை மாற்றவில்லை என்றனர். விவாதம் அத்தோடு முடியவில்லை. 18 ஊர் என்பது சிறிய எண்ணிக்கை. காடு இருந்த ஊர் கடலுக்குத் தள்ளியும் இருந்தால், காப்பாற்றியது எது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

எதை எண்ணுவது என்பது அதைவிடச் சிக்கல். இக்கரையின் மீனவச் சமூகமான பட்டினவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து தலைக்கட்டை எண்ணும். பொதுவாக வரி கட்டும் மணமான ஆண்தான் தலைக்கட்டு. சில ஊர்களில் ஆண் துணையில்லாத விதவையின் வீடு அதில் வராது. ரேஷன் அட்டை வேறு கணக்கு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னொன்று. பிச்சாவரம் உப்பங்கழியில் கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர்கள் மீனவர் ஊர்ப் பட்டியலுக்கே வெளியே. ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்களான நாட்டார் தரும் பட்டியலை மட்டும் வைத்து வீடு தேர்ந்தெடுக்கும் மாணவர், உதவி கிட்டாதவர்களைச் சந்திக்காமலே ‘உதவி கிட்டியது’ என்று எழுத நேரும். தலைக்கட்டுப் பட்டியலையும் ரேஷன் பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் விடுபட்ட பெயர்களே பாதி ஆய்வைச் சொல்லிவிடும்.

அலுவலகப் பதிவுகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 உதவும். பதிலுக்கு 30 நாள் கெடு. ஆகவே மனுவை முதல் மாதமே போட வேண்டும். களத்துக்கும் பருவம் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. முடசல்ஓடை, அன்னங்கோயில் பக்கம் விசைப்படகுத் தொழிலாளரை வீட்டில் பார்க்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமே தோது. ஆனால் இறுதியாண்டு மாணவர் பெரும்பாலும் அப்போதுதான் ஆய்வேட்டைக் கட்டி ஒப்படைத்து வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருப்பார். களப்பணியை முதலாண்டுக் கோடை விடுமுறையிலேயே முடிப்பதுதான் இதற்கு ஒரே வழி. அதற்குள் தலைப்பு உறுதியாகியிருக்க வேண்டும். நெறியாளரும் ஒப்பியிருக்க வேண்டும்.