தவிட்டில் போன செல்வம்

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையில் கப்பலூர் என்னும் ஊர் உள்ளது. இன்று அவ்வழிச் செல்வோர் அதனைத் தொழிற்பேட்டை உள்ள ஊராகவே அறிவர். நான் அங்குச் சிறுவனாக இருந்த நாளில், மழை பெய்தால் கம்பும் சோளமும் விளையும். பெய்யாவிட்டால் ஒன்றும் விளையாது. 1895ஆம் ஆண்டில் பெரியாற்று நீர் மலையைக் கடந்து வைகைக்கு வந்தபோது, மேலூர்ப் பக்கம் நெல்வயல்கள் விரிந்தன. எங்கள் திருமங்கலம் பக்கமோ பெரிதும் வானத்தையும் கண்மாயையும் நம்பிய பூமியாகவே இருந்தது. ஆகையால் எங்கள் வீட்டில் அன்றாட உணவு கம்பங்கூழும் சோளச்சோறும் கேழ்வரகுக் களியுமே. நெல்லுச்சோறு பொங்கலுக்கு வரும், தீபாவளிக்கு வரும், விருந்தாளி வந்தால் வரும், எங்களில் யாருக்கேனும் காய்ச்சல் கண்டாலும் வரும்.

சிறு வருவாயுள்ள குடும்பம் சத்துள்ள உணவு உண்பது எவ்வாறு என்பதைச் சமையலில் வல்லவர்கள் சொல்வதே பொருத்தம். நானோ முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன். எனினும் இந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் வீட்டுச் சோற்றுப் பானைக்குள்ளேயே அது நடந்தது. அதில் நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. அதனையும் மறைக்காமல் சொல்லுகிறேன்.

முதலில் நெல்மணியைப் பாருங்கள். வெளியே இருப்பது உமி. அது நமக்கு உணவாகாது. உமியை நீக்கினால் பழுப்பு நிறத்தில் மெல்லிய தோல் ஒன்று அரிசியைப் போர்த்தியிருக்கும். அந்தத் தோலும் அரிசியின் முளையும் தேய்ந்து தூளானால் அதுவே தவிடு. உரலில் இட்டு உலக்கையால் குத்தும்போது உமி நீங்கும். தவிட்டில் ஒரு பகுதி அரிசியோடு தங்கிவிடும். இயந்திர ஆலையில் தீட்டும்போதோ தவிடு ஏறத்தாழ முழுதும் போய்விடும். அரிசி வெண்முத்துப்போல் ஒளிரும். வணிகர்க்கும் அது வசதி. தவிட்டில் எண்ணெய்ப் பசை உண்டு; ஆகையால் தவிடு நீங்காத அரிசி விரைவில் சிக்கு வாடை அடிக்கும். தீட்டிய அரிசி பல மாதம் கெடாது. கண்ணுக்கு அழகு, கடைக்கு இலாபம். இவ்விரண்டும் சேர்ந்து வெள்ளை அரிசியை ஊர்தோறும் கொண்டு சென்றன.

இந்த வெண்மைக்கு மனிதர் கொடுத்த விலை முதலில் தெரியவந்தது சாவகத் தீவில். கைகால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் சோர்ந்து இறக்கச் செய்யும் பெரிபெரி என்னும் நோய் அங்குப் பரவியிருந்தது. 1890களில் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர் அந்நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கு மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச்சோறு கிடைத்துவந்தது. கோழிகள் கால் மடங்கி விழுந்தன. பிறகு புதிய சமையற்காரர் ஒருவர் வந்தார். படைவீரர்க்குரிய அரிசியைக் கோழிக்குக் கொடுப்பதா என்று அவர் மறுத்துவிட்டார். மலிவான, தீட்டாத அரிசி கோழிகளுக்குக் கிடைத்தது; அவை எழுந்து நடந்தன! தவிட்டில் ஏதோ ஒன்று உயிரைக் காக்கிறது என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. 1912இல் ஃபங்க் என்னும் அறிஞர் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் எனப் பெயரிட்டார். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அறிஞர் உலகம் அடுத்து நம் நீலகிரிக்கு வந்தது. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் 1920களில் ஓர் ஆராய்ச்சி செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவை கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் மற்றவற்றைச் சிறிதாகவும் கொண்ட சென்னை மாகாணத்து உணவை உண்டவை கடைசி வரிசையில் நின்றன. அவருக்குப் பின் 1935இல் அங்குத் தலைமை ஏற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களில் எதில் என்ன சத்து உள்ளது என்பதை அட்டவணையாக்கி 1937இல் சிறு நூலாக வெளியிட்டார். ஏழைக் குடும்பம் அரிசியில் ஒரு பங்கைக் குறைத்து அவ்விடத்தில் சிறுதானியத்தைச் சேர்க்கலாம், பருப்பையும் கீரையையும் கூட்டலாம் என்பதே அவர் காட்டிய வழி. அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்குச் சென்றது. அட்டவணை அங்கே மேலும் விரிந்தது.

அவ்வட்டவணையின் பழைய பதிப்புகளிலிருந்து சில கணக்குகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நூறு கிராம் தீட்டிய பச்சரிசியில் தயமின் என்னும் வைட்டமின் 0.06 மில்லிகிராம், கைக்குத்தல் பச்சரிசியில் 0.21. ஆலையில் தீட்டிய புழுங்கலரிசியிலும் அதே 0.21! இது எப்படி? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. ஒரே சென்னை மாகாணத்தில், தீட்டிய பச்சரிசி உண்ட வடகிழக்குக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நோய் பரவவில்லை. நெல்லை அவித்துக் காயவைத்த நம் பாட்டிமார் வைட்டமின் என்னும் சொல்லைக் கேட்டதில்லை. ஆயினும் அவர்கள் கைவழக்கம் ஒரு நாட்டு மக்களைக் காத்தது.

இனி, கப்பலூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஓர் இடத்துக்கு வருவோம். திருமங்கலத்திலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் தே. கல்லுப்பட்டி உள்ளது. அங்கு 1940இல் காந்தி நிகேதன் ஆசிரமம் தோன்றியது. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தது அங்கேதான். அவர் 1892இல் தஞ்சையில் பிறந்தவர். இலண்டனில் கணக்காளராகப் பயின்றவர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்றவர். 1934இல் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் செயலாளர் ஆனார். கைக்குத்தல் அரிசியைப் பரப்புவது அச்சங்கத்தின் முதல் பணிகளுள் ஒன்று.

குமரப்பா கண்ட உண்மை எளியது. ஆலை அரிசியிலிருந்து தவிட்டை எடுக்கிறது. நெல் குத்திப் பிழைக்கும் ஏழைப் பெண்ணிடமிருந்து கூலியையும் எடுக்கிறது. உண்பவன் சத்தை இழக்கிறான்; உழைப்பவள் வேலையை இழக்கிறாள். பொருளாதாரமும் உடல்நலமும் ஒரே மணி அரிசியில் சந்திக்கின்றன என்பதை அவர்போல் தெளிவாகக் கண்டோர் சிலரே. 1958இல் நாடாளுமன்றம் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்தக் கொண்டுவந்த சட்டத்திலும் கைக்குத்தல் தொழிலைக் காக்கும் கருத்து இருந்தது. அச்சட்டம் இப்போது இல்லை. குமரப்பா 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் மறைந்தார். அது காந்தியடிகள் மறைந்த நாளுமாகும்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் நான் அந்த ஆசிரமத்துக்குச் சென்று வந்தேன். குறிப்பேடு நிறைய எழுதிக்கொண்டு வீடு திரும்பி, கைக்குத்தல் அரிசியின் பெருமையை என் தாயாரிடம் விரித்துரைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தம் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். காய்த்துப்போன கைகள்! விடியற்காலையில் எழுந்து, கம்பை இடித்துப் புடைத்து, கூழ் காய்ச்சி வைத்துவிட்டுக் களைவெட்டப் போனவர் அவர். பக்கத்து ஊரில் அரைவை ஆலை வந்த நாளை அவர் திருநாளாகவே கொண்டாடினார். நண்பர்களே, வரலாறு படிப்போர் இந்தக் கைகளையும் பார்க்க வேண்டும். ஆலை சத்தைப் பறித்தது உண்மை. பல்லாயிரம் பெண்களின் தோள்வலியைத் தீர்த்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவன் நல்ல ஆசிரியன் ஆகான்.

என் தவறு அதற்குப் பின் நிகழ்ந்தது. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கினேன். அப்போது அரிசி வெறும் தானியமாக இல்லை. அது மதிப்பின் அடையாளம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் வாக்குறுதி 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் எத்தகைய எழுச்சியை உண்டாக்கிற்று என்பதை நீங்கள் நூல்களில் படித்திருப்பீர்கள். கூழ் குடித்து வளர்ந்த தலைமுறைக்குச் சோறு என்பது விடுதலை. அதனை எள்ளி நகையாடுவது அறியாமை. ஆனால் நான் வேறொன்று செய்தேன். “வாத்தியார் வீட்டில் கம்பங்கூழா என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள், இனி நம் வீட்டில் கூழ் வேண்டாம்” என்று தாயாரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. வெள்ளைப் பச்சரிசி மூட்டையாக வந்தது. தவிடு மாட்டுத்தொட்டிக்குப் போயிற்று.

ஓர் இரவு, மறுநாள் பாடத்துக்கான குறிப்பை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். பெரிபெரி நோய், தவிட்டின் சத்து, எய்க்மானின் கோழிகள் எல்லாம் அதில் இருந்தன. வாயிற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த தாயார் மெல்லக் கேட்டார்: “ஏப்பா, தவிட்டிலேதான் சத்து இருக்குன்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்றே, நம்ம வீட்டிலே மட்டும் அதை மாட்டுக்குப் போடச் சொல்றியே?”

எனக்கு விடை தெரியவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளில் எந்த மாணவனும் அத்தகைய கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. அறியாமையால் நல்ல உணவை இழந்தவர்கள் பலர். நானோ அறிந்தே இழந்தேன். பணம் இல்லாமையால் அன்று; வெட்கத்தால் இழந்தேன்.

மறுநாள் முதல் எங்கள் வீட்டில் கூழ் மீண்டது. ஆனால் தாயாரின் கையில் உலக்கை மீளவில்லை. உமியை நீக்குவதும் அரிசியைத் தீட்டுவதும் இரு வேறு வேலைகள். முன்னதை மட்டும் செய்து நிறுத்தவும் ஆலையால் முடியும். கம்பையும் கேழ்வரகையும் சலிக்காமல் முழுமாவாக அரைத்துத் தரவும் முடியும். குமரப்பாவின் நியாயத்தையும் என் தாயாரின் நியாயத்தையும் ஒரே வீட்டில் சேர்த்துவைக்க வழி உண்டு என்று அன்று கற்றேன்.

அவ்வீட்டின் உணவுமுறையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். காலையில் மோர் விட்டுக் கரைத்த கம்பங்கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். நண்பகலில் புழுங்கலரிசிச் சோறு, துவரம்பருப்பு அல்லது கொள்ளு, கொல்லையில் பறித்த முருங்கைக்கீரை. இரவில் கேழ்வரகு அடையோ களியோ. அட்டவணையைப் பாருங்கள்: நூறு கிராம் தீட்டிய அரிசியில் சுண்ணாம்புச்சத்து 10 மில்லிகிராம்; கேழ்வரகில் 344; முருங்கைக்கீரையில் 440. கொள்ளில் புரதம் நூற்றுக்கு 22 பங்கு. முருங்கைக்கு நாம் கொடுக்கும் விலை ஒரு கொம்பை நட்டு வைக்கும் உழைப்பு மட்டுமே. அரிசியைப் பலமுறை கழுவிக் கொட்டுவதாலும், கஞ்சியை வடித்துக் கீழே ஊற்றுவதாலும் நீரில் கரையும் சத்து போய்விடுகிறது. கஞ்சியைக் குடியுங்கள், அல்லது அளவாக நீர் விட்டுச் சோற்றைப் பொங்குங்கள். இதற்குக் காசு வேண்டா.

தமிழ்நாட்டில் 2011 முதல் குடும்ப அட்டைக்கு விலையில்லா அரிசி வழங்கப்படுகிறது. பசியை விரட்டிய திட்டங்களுள் அதற்கு இடம் உண்டு. நியாயவிலைக் கடையில் புழுங்கலரிசி கிடைத்தால் முகம் சுளிக்காதீர்கள். கடைத்தெருவில் கூடுதல் விலைக்கு விற்கும் வெண்பச்சரிசியைவிட அதில் தயமின் மும்மடங்கு இருக்கும் என்பதை மேலே கண்டோம். அரிசி அங்கே கிடைக்கும்போது மிஞ்சும் காசைப் பருப்புக்கும் கீரைக்கும் கேழ்வரகுக்கும் செலவிடுவதே குடும்பக் கணக்கில் அறிவுடைமை.

இந்தியா முன்மொழிய, ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நாங்கள் தூக்குச்சட்டியில் மறைத்துக்கொண்டுபோன கம்பு இன்று அழகிய பைகளில் அதிக விலைக்கு விற்கிறது. ஏழையின் உணவு என்று ஒதுக்கியதைச் செல்வர் உணவு என்று தேடுகிறோம். தானியம் மாறவில்லை, நம் கண்ணே மாறிற்று.

மாணவ நண்பர்களே, இன்று வீட்டுக்குச் சென்றதும் பாட்டியாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்கள் சிறுவயதில் வீட்டில் என்ன சமைத்தீர்கள்? அது எப்போது நின்றது? ஏன் நின்றது?” அவர் சொல்வதை ஆண்டோடு எழுதி வையுங்கள். விலையால் நின்றதா, உழைப்பின் கடுமையால் நின்றதா, வெட்கத்தால் நின்றதா என்று பகுத்துப் பாருங்கள். உழைப்பின் கடுமையால் நின்றது என்றால் அவர் கைகளை வணங்குங்கள். எளிய வழி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். வெட்கத்தால் நின்றது என்றால், அந்த வெட்கத்தை விட்டுவிடுங்கள். அதனால் நான் இழந்ததை நீங்கள் இழக்க வேண்டா.