தில்லை நாட்டு மழையும் ஆறுகளும்

முன்னுரை

பண்டைக் காலத்தில் மழை பிழையாது பெய்தது என்றும், ஆறுகள் ஆண்டு முழுதும் நீர் நிறைந்து ஓடின என்றும், இக்காலத்தில் வானம் பொய்த்தது என்றும் கூறுதல் நாட்டு வழக்காகும். இக்கூற்றை நிறுவுதற்கு நம் இலக்கியங்களையே சான்றாகக் காட்டுவாரும் உளர். அச்சான்று எத்துணை வலிமை உடையது என்பதை ஆராய்தல் தமிழ் பயில்வோர் கடன். வடக்கே தென்பெண்ணை முதல் தெற்கே கொள்ளிடம் வரை அமைந்த கடலூர், சிதம்பரம் பகுதியை எல்லையாகக் கொண்டு அவ்வாராய்ச்சி ஈண்டு மேற்கொள்ளப்படுகிறது.

இருவகை மழை

இப்பகுதியின் நீர்வளம் இருவேறு மழைகளைப் பற்றி நிற்பது. ஒன்று, ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வங்கக் கடலினின்று வரும் வடகீழ்ப் பருவமழை. கடலூர்ப் பகுதியில் ஓராண்டிற்குப் பெய்யும் ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி இப்பருவத்தில் பெய்வதே. கெடிலமும் வெள்ளாறும் இம்மழையைப் பெரிதும் நம்பியவை. மற்றொன்று, குடகு மலையில் ஆனி, ஆடித் திங்கள்களில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. இது காவிரி வழியாகக் கொள்ளிடத்தை அடைந்து சிதம்பரம் பகுதியின் வயல்களுக்குப் பயன்படுகிறது. ஒரு மழை தவறிய ஆண்டில் மற்றது தவறாது பெய்தலும் உண்டு. ஆகலின், மழை குறைந்தது எனப் பொதுப்படக் கூறுவார் எம்மழையைக் குறிக்கின்றார் என முதற்கண் வினவுதல் வேண்டும்.

இலக்கியச் சான்றின் இயல்பு

மாதம் மும்மாரி பெய்தது என்பது நல்லாட்சியைப் போற்றும் மரபுத் தொடர். ஆண்டில் பல திங்கள் மழையின்றிக் கழியும் இந்நிலப்பகுதியில், அத்தொடரை மழைக் கணக்காகக் கொள்ளுதல் பொருந்தாது. பஞ்சத்தைக் குறிக்கும் செய்திகளும் இத்தகைய ஆய்வுக்கு உரியனவே. பாண்டிநாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் வற்கடம் நிலவிற்று என இறையனார் களவியல் உரை கூறும். மகதத்தில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் நேர்ந்தமையால் பத்திரபாகு முனிவர் தெற்கே வந்தார் எனச் சமண மரபு கூறும். இரண்டிலும் எண் ஒன்றாகவே இருத்தல் நோக்கத்தக்கது. நெடிய வறட்சியைக் குறிக்கும் வழக்காறாக அவ்வெண் அமைந்தது எனக் கோடலே ஏற்புடைத்து. பஞ்சம் நேர்ந்தது என்பதை இதனால் மறுத்தல் ஆகாது. அதன் கால அளவை மட்டும் இவ்வெண்ணால் துணிதல் இயலாது.

திருவீழிமிழலையில் சம்பந்தரும் அப்பரும் படிக்காசு பெற்ற வரலாறு மற்றோர் எடுத்துக்காட்டு. வானம் பொய்த்து ஆறுகள் தவறியமையால் பஞ்சம் வந்தது எனச் சேக்கிழார் பாடுகின்றார். அவரோ நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பிற்பட்டவர். அக்காலத்தவராகிய சம்பந்தர் அத்தலத்திற் பாடிய காசுப் பதிகத்தில் குற்றமற்ற காசு வேண்டும் வேண்டுகோள் உளதே அன்றி, மழையைப் பற்றிய குறிப்பு இல்லை. எனவே, ஏழாம் நூற்றாண்டின் வறட்சிக்குப் பதிகம் நேர்ச்சான்று ஆகாது. மழை தவறின் ஆறு தவறும், ஆறு தவறின் உயிர்கள் வாடும் என்னும் காரண காரியத் தொடர்பு பன்னிரண்டாம் நூற்றாண்டில் தெளிவாக உணரப்பட்டிருந்தது என்பதற்குப் பெரியபுராணம் தக்க சான்றாகும்.

கல்வெட்டுச் சான்று இவற்றினும் உறுதியுடையது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்துத் திருப்பாம்புரக் கல்வெட்டு, பஞ்சம் தாங்காது வேளாளன் ஒருவன் தன்னையும் தன் மகளிர் இருவரையும் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தியைத் தெரிவிக்கின்றது. அதில் புனைவு இல்லை. சோழப் பேரரசின் காலத்தில் வானம் பிழைத்ததே இல்லை என்பாருக்கு இஃதொன்றே விடையாக அமையும்.

தில்லை மரம் காட்டும் சான்று

ஊர்ப்பெயர்கள் புகழ்ச்சி நோக்கின்றி நிலத்தின் இயல்பைக் காட்டுவன. கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றை அடுத்துள்ள குடிகாடு முதலிய பெயர்கள், காடும் குடியிருப்பும் கலந்த நிலத்தை நினைவூட்டுகின்றன. சிதம்பரத்தின் பழம்பெயராகிய தில்லை இவற்றினும் சிறந்த சான்று. தில்லை என்பது உவர்நிலத்து மரம். கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் கழியோரங்களில் வளர்வது. இன்று அம்மரங்களைக் காண விரும்புவார் சிதம்பரத்திற்குக் கிழக்கேயுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டிற்குச் செல்லுதல் வேண்டும். ஆகவே, ஊருக்குப் பெயர் வாய்த்த காலத்தில் கழிநீர் இன்றினும் மேற்கே பரவியிருத்தல் கூடும் எனக் கருத இடமுண்டு. கொள்ளிடமும் வெள்ளாறும் கொணர்ந்த வண்டல் நாளடைவில் நிலத்தைக் கிழக்கு நோக்கி வளர்த்தது என்பது இதற்கு இயல்பான விளக்கம். இம்மாறுதலுக்கு மழைக் குறைவைக் காரணமாகக் கூறவேண்டுவதில்லை.

வீரநாராயணன் ஏரி

முதற் பராந்தகன் (கி. பி. 907–955) காலத்தில் அவன் மகன் இராசாதித்தனால் அமைக்கப்பெற்றதாகக் கூறப்படுவதும், பராந்தகனின் சிறப்புப் பெயரால் வீரநாராயணன் ஏரி என வழங்கப்பெற்றதும், இன்று வீராணம் எனப்படுவதும் ஆகிய ஏரி இப்பகுதியின் தலையாய நீர்நிலை. வடவாறு வழியாகக் கொள்ளிடத்து நீரும், செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக மேற்றிசை மழைநீரும் இதனை வந்தடைகின்றன. முன்னது குடகு மழையின் பயன். பின்னது வடகீழ்ப் பருவமழையின் பயன். ஒன்று தவறினும் மற்றொன்று காக்கும் அமைப்பு இது. மழை என்றும் தவறாதெனச் சோழர் நம்பியிருப்பின் இத்துணைப் பெரிய ஏரிக்குத் தேவை நேர்ந்திராது. வீராணம் மழை மிகுதிக்குச் சான்று அன்று; மழையின் நிலையாமையை அன்றே உணர்ந்திருந்தனர் என்பதற்கே சான்று.

ஏரியைத் தோண்டுதல் ஒருமுறை நிகழ்வது. காத்தல் ஆண்டுதோறும் செய்ய வேண்டுவது. பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறித்தல் இதனாலேயாம். வீராணத்தின் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி எனக் கணக்கிடப்பட்டது. வண்டல் படிதலால் அக்கொள்ளளவு குறைந்தது. 2004ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகரின் குடிநீருக்கும் இவ்வேரி துணைசெய்து வருகின்றது. கொள்ளளவு குறைய, கடமை பெருகிற்று. இந்நிலையில் ஏரி விரைவில் வற்றுமாயின் பழி முழுவதையும் வானத்தின்மேல் ஏற்றுதல் முறையன்று.

கொள்ளிடமும் அணைகளும்

ஆற்றின் மாறுதல் அனைத்தும் மழையின் மாறுதலால் நேர்வன அல்ல என்பதற்குக் கொள்ளிடமே விளக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காவிரியில் நீர் குறைந்து தஞ்சை வயல்கள் வாடின. காவிரியினும் தாழ்ந்தும் சரிவு மிகுந்தும் இருந்த கொள்ளிடம், நீரில் பெரும்பங்கைத் தன்பால் ஈர்த்துக்கொண்டதே காரணம். ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையை அமைத்துக் காவிரிக்கு நீரைத் திருப்பினார். அதனால் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதிக்கு நீர் குறையும் ஆதலின், அணைக்கரையில் கீழணையும் அமைக்கப்பெற்றது. வடவாற்றிற்கும் வீராணத்திற்கும் நீர் இக்கீழணையினின்றே செல்கின்றது. பின்னர்க் கண்ணம்பாடி அணையும், 1934இல் மேட்டூர் அணையும் எழுந்தன. இவற்றிற்குப்பின் கொள்ளிடத்தின் நீரோட்டம் மழையை மட்டுமின்றி அணை திறக்கும் காலத்தையும் பொறுத்ததாயிற்று.

வறட்சியும் வெள்ளமும்

இந்திய வானிலைத் துறை 1875இல் தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டே பருவமழை தவற, 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தை வருத்திற்று. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் மிகையாக வெப்பமுறும் எல் நினோ என்னும் நிகழ்ச்சி அப்பஞ்சத்தோடு தொடர்புடையது என்பது பிற்கால ஆய்வால் புலனாயிற்று. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குன்றும். வடகீழ்ப் பருவமழையோ பல ஆண்டுகளில் மிகும்.

2015ஆம் ஆண்டு இதற்குத் தெளிவான சான்று. அவ்வாண்டு இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை இயல்பினும் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் நவம்பர் 9, 10ஆம் நாள்களில் நெய்வேலியில் ஒரு நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. பண்ணுருட்டி வட்டத்து விசூர், பெரியகாட்டுப்பாளையம் ஆகிய ஊர்களில் ஓடைகள் கரை புரண்டு மக்கள் மாண்டனர். மறு ஆண்டாகிய 2016இல் தமிழ்நாட்டின் வடகீழ்ப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலம் முழுதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. 2018 ஆகஸ்டில் குடகு மழையால் கொள்ளிடம் பெருகி ஓட, மேலணையின் மதகுகளுள் சில 22ஆம் நாள் இடிந்தன. மூன்றாண்டுகளுக்குள் உள்ளூர் வெள்ளமும் கொடிய வறட்சியும் ஆற்று வெள்ளமும் இந்நாட்டைத் தாக்கின. இவற்றைக் கூட்டிச் சராசரி காண்பார்க்கு எவ்வித மாறுதலும் தோன்றாது.

இன்றைய போக்கு

நூறாண்டுக் கணக்கை நோக்குமிடத்து வடகீழ்ப் பருவமழையின் மொத்த அளவு ஒரே திசையிற் சீராகக் குறைந்தது எனக் கூற இயலவில்லை. ஆண்டிற்கு ஆண்டு தோன்றும் வேறுபாடே பெரிது. ஆயினும் உலகின் வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முன்னிருந்ததினும் ஒரு பாகைக்கு மேல் உயர்ந்துள்ளது. ஒரு பாகை வெப்பம் மிகுமாயின் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். எனவே, பெய்யும் பொழுது மழை கடுமையாகப் பெய்தற்கு வாய்ப்பு மிகுகிறது. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. கடல் உயர்ந்துள்ள நாளில் புயல் வருமாயின் ஆற்றுநீர் முகத்துவாரத்தில் தடைப்படும். 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின் சாத்தனூர் அணையின் மிகைநீர் தென்பெண்ணையில் பெருக, கடலூரின் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின. அணை அமைந்துள்ளது கடலூரினின்று தொலைவில்; அதன் நீரை ஏற்பதோ கடலூர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், பண்டை மழை பிழையாது பெய்தது என்னும் கருத்திற்கு இலக்கியமோ கல்வெட்டோ துணைநில்லாமை பெறப்படும். மழை என்றும் நிலையாமை உடையது. இன்று அந்நிலையாமை மிகும் குறிகள் தோன்றுகின்றன. ஆனால் ஏரியின் கொள்ளளவு, ஓடையின் அகலம், அணை திறக்கும் காலம் ஆகியவை மக்கள் கையில் உள்ளவை. வானம் மாறிற்று எனப் பொதுப்படக் கூறுவோமாயின், தூர்ந்த ஏரிக்கும் அடைபட்ட ஓடைக்கும் விடை கூறுவார் இலராவர். விசூரில் மாண்டவர்க்கு அது நீதியாகாது.

கெடிலம், வெள்ளாறு, தென்பெண்ணைக் கரைகளிலுள்ள கோயில்களின் கல்வெட்டுகளில் ஏரிக்கொடை, கரையுடைப்பு, வரித்தள்ளுபடி பற்றிய குறிப்புகளை ஆண்டு முறையில் தொகுத்தல் வேண்டும். அவற்றைக் குகைப் படிவுகளாலும் மர வளையங்களாலும் அறிவியலார் கணித்துள்ள பண்டைப் பருவமழைக் கணக்குகளோடு ஒப்புநோக்குதல் வேண்டும். மரபுத் தொடர் எது, நேர்ச்செய்தி எது எனப் பிரித்துக் கூறுதல் தமிழாய்வாளரால் இயலும் பணியாகும். அப்பணியை இளம் ஆய்வாளர் மேற்கொள்வாராக.