நாலே மாசத்துல செத்துப்போன செயற்கைக்கோள்

பெட்டி தட்டுற நம்ம எல்லாருக்கும் அந்தத் திரை பழக்கம்தான். பச்சைப் புள்ளின்னா சர்வர் உயிரோட இருக்கு, சிவப்புன்னா படுத்துருச்சு. ஊருக்கு ஊர் இருக்கற கருவிகளை இப்படி ஒரே இடத்துல உட்கார்ந்து மேய்க்கிறது நம்ம தலைமுறைக்கு முந்தைய சமாச்சாரம் மக்களே.

முன்னெல்லாம் காட்டாங்குளத்தூர்க்காரர் ஒருத்தர் பங்கு வாங்கணும்னா தரகர்கிட்ட சொல்லணும். தரகர் செகண்ட் லைன் பீச்ல இருந்த மெட்ராஸ் பங்குச் சந்தைக்குப் போய் கூவி வாங்கணும். (1937-ல தொடங்கின அந்தச் சந்தை 2015-ல மூடப்பட்டது.)

1994 நவம்பர்ல தேசிய பங்குச் சந்தை பங்கு வர்த்தகத்தை ஆரம்பிச்சப்போ கூவுற கூடமே கிடையாது. கணினி மும்பையில, தரகர்கள் நாடு முழுக்க. அந்தக் காலத்து தொலைபேசி லைனை நம்ப முடியாதே! அதனால தரகர் ஆபீஸ் மொட்டை மாடியில ஒரு விசாட் டிஷ். தாம்பரத்துல இருந்து ஆர்டர் போட்டா, 36,000 கி.மீ. மேல போய் மும்பை மையத்துல இறங்கும். கால் நொடி. பதில் வர இன்னொரு கால் நொடி. எந்த டிஷ் எப்போ பேசணும், எதுக்கு சிக்னல் குறையுது, எல்லாம் மையத்துக்குத் தெரியும்.

இங்கதான் சிக்கல். 1997 ஜூன் 4-ல ஏவின இன்சாட்-2டி, மின்சாரக் கோளாறால அக்டோபர் 4-ல கைவிடப்பட்டது. அதை நம்பியிருந்த தேசிய பங்குச் சந்தையோட வர்த்தகம் நின்னுபோச்சு. இஸ்ரோ அரபுநாடுகளோட பழைய அராப்சாட்-1சி-யை வாங்கி, இன்சாட்-2டிடி-ன்னு பேர் வெச்சு சமாளிச்சது.

யோசிச்சுப் பாருங்க. ஒரு டிஷ் போனா மையம் கண்டுபிடிக்கும். கோளே போனா? திரை முழுக்க சிவப்பு, அங்கிருந்து ஒரு கட்டளைகூட அனுப்ப முடியாது. விசாட்டை வேற கோளுக்கு மாத்தணும்னா ஒவ்வொரு மாடியிலயும் ஒரு ஆள் ஸ்பேனரோட ஏறி டிஷ்ஷைத் திருப்பணும். ஊர் ஊரா, மாடி மாடியா.

இப்போ கண்ணாடி இழை கேபிள் வந்தாச்சு. ஆனாலும் என் ஆபீஸ்ல யாராவது "எல்லாத்தையும் இங்கிருந்தே பார்த்துக்கலாம்"னு சொன்னா, நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "பார்க்கலாம் சார், அந்த வழியே போயிட்டா மாடி ஏற ஆள் இருக்கா?"

உங்க ஆபீஸ்ல இருக்கா?