தொடர்ந்த வழிபாடும் மீண்ட வழிபாடும்

குராசோ தீவின் வில்லம்ஸ்டாட்டில் உள்ள மிக்வே இஸ்ரேல்-இமானுவேல் ஜெப ஆலயம் 1732 முதல் தொடர்ந்து வழிபாட்டில் இருக்கிறது. பார்படோஸின் பிரிட்ஜ்டவுனில் உள்ள நித்ஹே இஸ்ரேல் 1929இல் விற்கப்பட்டது. முன்னதில் பழமை முழுமையாக இருக்கும், பின்னதில் அதன் சாயலே மிஞ்சியிருக்கும் என்று எண்ணத் தோன்றும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு அந்த எண்ணம் நிலைக்காது.

இரண்டுக்கும் வேர் ஒன்று. ஐபீரியச் சமய விசாரணைக்குத் தப்பிய போர்த்துகீசிய செபார்டி யூதர்கள் 1650களில் இவ்விரு சபைகளையும் நிறுவினர். குராசோவில் டச்சுக் கொடி, பார்படோஸில் ஆங்கிலக் கொடி. இரு துறைமுகங்களின் செல்வமும் அடிமை உழைப்போடு பிணைந்தது என்பதையும் சேர்த்தே நாம் இவற்றை எடைபோட வேண்டும்.

வில்லம்ஸ்டாட்டின் வியப்பு தரைமேல் இருக்கிறது. பிரிட்ஜ்டவுனின் வியப்பு தரைக்கடியில் இருந்தது. வில்லம்ஸ்டாட்டில் ஆலயத் தரை முழுதும் மணல். பாலைவனத்தில் முன்னோர் அலைந்ததன் நினைவு என்பர் சிலர். மறைந்து தொழுத காலத்தில் காலடி ஓசையை அடக்கிய மணலின் நினைவு என்பர் வேறு சிலர். பிரிட்ஜ்டவுனில் 2008இல் அகழ்ந்தபோது, ஊற்றுநீர் வந்து நிறையும் பழைய சடங்குக் குளியல் தொட்டி வெளிப்பட்டது.

அசலும் நகலும் இரண்டிலும் இடம் மாறி நிற்பது அதைவிடச் சுவையானது. வில்லம்ஸ்டாட்டில் பழைய பித்தளைச் சரவிளக்குகள் தம் இடத்திலேயே தொங்குகின்றன. முற்றத்தில் உள்ள கல்லறைக் கற்களோ நகல்கள். அசல் கற்கள் ஊருக்கு வெளியே பிளென்ஹைம் இடுகாட்டில், எண்ணெய் ஆலைப் புகையால் அரிக்கப்பட்டுக் கிடக்கின்றன. பிரிட்ஜ்டவுனில் ஆலயத்தைச் சூழ்ந்த கல்லறைகள் அசல். உள்ளே தொங்கும் சரவிளக்குகளோ நகல்கள்.

சமூகங்களிலும் இதே குறுக்கோட்டம் உண்டு. குராசோவில் செபார்டிக் குடும்பங்களின் வழி அறுபடவில்லை. வழிபாட்டு முறை மாறியது. 1864இல் சீர்திருத்தம் வேண்டியோர் பிரிந்து தமக்கெனத் தனி ஆலயம் கண்டனர். சரியாக நூறாண்டு கழித்து 1964இல் இரு சபைகளும் இணைந்தன. ஆலயத்தின் இரட்டைப் பெயர் அந்த இணைப்பின் விளைவு. பார்படோஸில் வழியே அறுந்தது. 1930களில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெநாசி யூதர்களுக்கு அந்தச் செபார்டிகள் உறவினர் அல்லர். ஆயினும் 1980களில் கட்டடம் இடிபட இருந்தபோது அதைக் காக்க முன்வந்தவர்கள் இவர்களே. 1831ஆம் ஆண்டுச் சூறாவளிக்குப்பின் 1833இல் எழுந்த அந்தக் கட்டடத்தின் பழைய தோற்றத்தை ஆராய்ந்து மீட்டு, 1987இல் வழிபாட்டைத் திரும்பத் தொடங்கினர்.

ஆக, குராசோவில் வழித்தோன்றல்கள் மரபை மாற்றித் தக்கவைத்தார்கள்; பார்படோஸில் வழித்தோன்றல் அல்லாதவர்கள் மாற்றங்களைக் களைந்து அதை மீட்டார்கள். முதலாவதைத் தொடர்ச்சி என்றும் இரண்டாவதைப் புனரமைப்பு என்றும் பிரிப்பது எளிது. ஆனால் இரண்டிலும் ஒரு தலைமுறை இந்த இடம் நம் பொறுப்பு என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. குருதி வழி வந்தவர்களுக்கும் அந்த முடிவு தானாக வாய்க்கவில்லை. வழி வராதவர்களுக்கும் அது மறுக்கப்படவில்லை.