கேமரன் மலையில் ஓய்வு
தேயிலைத் தோட்டத் தமிழர் வரலாற்றில் ஒரு வினா

ஆண்டுகள் பல கழிந்தும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் யாது என வினவினோர்க்குப் பிசிராந்தையார் அளித்த விடை, புறநானூற்றின் 191ஆம் பாட்டாக அமைந்துள்ளது. மாண்புடைய மனைவி மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், முறைதவறாது காக்கும் வேந்தன், தாம் வாழும் ஊரில் நிறைந்திருக்கும் சான்றோர் ஆகிய நான்கையுமே அப்புலவர் காரணமாகக் காட்டுகின்றார். தம் உடல் வலிமையை அவர் கூறவில்லை, பொருட்செல்வத்தையும் கூறவில்லை. முதுமை ஒருவனது உடலில் மட்டும் நிகழ்வதன்று. அவனுடைய வீட்டிலும் நாட்டிலும் ஊரிலும் நிகழ்வது என்பதே அவ்விடையின் உட்கருத்து.

வேலையிலிருந்து எப்போது விலகுவது, உரிய வயதுக்கு முன்னரே விலகலாமா, விலகிய பின் நாளை எவ்வாறு கழிப்பது என்னும் வினாக்கள் இக்காலத்தில் பெரிதும் அலுவலகப் பணியாளரின் வினாக்களாகவே பேசப்படுகின்றன. கையிலுள்ள பணத்தை எண்ணிப் பார்த்து விடை காண்பதே வழக்கம். ஆனால், பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் கொழுந்து பறித்து வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றை நோக்குவார்க்குப் பிசிராந்தையாரின் விடையே பொருத்தமானது எனத் தோன்றும்.

ஓய்வுக்கென அமைந்த மலை

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் இம்மலைப் பகுதியைக் கண்டு குறிப்பு எழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. எனினும் நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1925இல் கூட்டு மலாய் நாடுகளின் தலைமைச் செயலாளராக இருந்த சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் மலைக்குச் சென்று பார்வையிட்ட பின்னரே, அதனை ஒரு மலைவாச நகரமாக்கும் முயற்சி தொடங்கியது. தாழ்நிலத்து வெப்பத்தால் வாடிய ஐரோப்பிய அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் உடல் தேறுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். தாப்பாவிலிருந்து மலையேறும் பாதை 1930களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவைச் சுற்றி விடுதிகளும், மாளிகைகளும், குழிப்பந்து ஆடும் திடலும், ஐரோப்பியச் சிறுவர்க்கான உறைவிடப் பள்ளியும் அமைந்தன.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலைப் பயிர் செய்து பழகிய ஏ. பி. மில்னுடன் சேர்ந்து போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. காடு வெட்டவும், சரிவுகளில் கன்று நடவும், கொழுந்து பறிக்கவும் தமிழர் மலையேறினர்.

ஒரே மலையில் இருவேறு மாந்தர் வாழ்ந்தனர். ஒருவருக்கு அம்மலை ஓய்வெடுக்கும் இடம். மற்றவருக்கு ஓய்வு என்ற சொல்லுக்கே இடமில்லாத இடம்.

முதுமையை எண்ணாத முறை

மலாயாவில் தோட்டத் தொழிலுக்கு ஆள் சேர்த்த முறைகளில் முதன்மையானது கங்காணி முறை. தோட்டத்துக் கங்காணி தமிழகத்திலுள்ள தன் ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவான். 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் வரி செலுத்தினர். கப்பற் செலவு அந்நிதியிலிருந்து வழங்கப்பட்டது. உடல் தளர்ந்தவரையும் நோயுற்றவரையும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அதிலிருந்தே வந்தது.

இந்த ஏற்பாட்டின் உட்பொருள் கருதத்தக்கது. தொழிலாளியின் இளமை மலாயாவுக்கு உரியது. முதுமை தமிழகத்துக்கு உரியது. பிள்ளைப் பருவத்தில் அவனை வளர்த்ததும், தளர்ந்த பருவத்தில் தாங்க வேண்டியதும் அவனுடைய சொந்த ஊரே. இடைப்பட்ட உழைப்பு மட்டுமே தோட்டத்தின் கணக்கில் ஏறியது. ஆகவே ஓய்வு வயது என ஒன்றை வரையறுக்கவேண்டிய தேவை அக்காலத்தில் எவர்க்கும் தோன்றவில்லை.

1930 முதல் 1932 வரை உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தபோது, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் மலாயாவிலிருந்து ஊர் திரும்பினர். 1937இல் சீனிவாச சாஸ்திரியாரின் அறிக்கை வெளிவந்தது. 1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுக் குடியேறும் முறையை நிறுத்தியது. அதன் பின் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. புதியவர் வரவு நின்றது. முன்னரே வந்தவர் மலாயாவிலேயே வேரூன்றினர். பிள்ளைகள் அம்மண்ணிலேயே பிறந்தனர். தமிழகத்து ஊரில் வீடு இடிந்தது, உறவு அறுந்தது. முதுமையைக் கழிக்க ஊர் இல்லாத ஒரு தலைமுறை முதன்முறையாகத் தோன்றியது.

சேமநிதியின் வரவு

இந்நிலையில் 1951இல் மலாயாவில் ஊழியர் சேமநிதிச் சட்டம் பிறந்தது. நாடு தழுவிய சேமநிதிகளுள் உலகில் மிகப் பழையனவற்றுள் ஒன்றாக அது எண்ணப்படுகின்றது. இந்தியாவில் அத்தகைய சட்டம் 1952இலும், இலங்கையில் 1958இலும் நிறைவேறின. தொடக்கத்தில் தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்தும், முதலாளி ஐந்தும் செலுத்தினர். 55 வயது நிரம்பியதும் முழுத் தொகையையும் பெறலாம் என்பது விதி. 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பி. பி. நாராயணனைப் பொதுச்செயலாளராகக் கொண்டு, கூலி உயர்வுக்காக வாதாடியது. கூலி உயர்ந்தால் சேமநிதியும் உயரும் என்பதால், அவ்வாதம் முதுமைக்கான வாதமும் ஆயிற்று.

சேமநிதி தோட்டத் தமிழனுக்கு ஒரு புதிய எண்ணத்தைத் தந்தது. ஐம்பத்தைந்து என்னும் எண் ஒரு வாசல் ஆயிற்று. அதுவரை உடல் விழும்போது வேலை நிற்கும். இனி ஒரு குறித்த நாளில் வேலையைத் தானே நிறுத்தலாம். ஆயினும், ஓய்வூதியம் போல மாதந்தோறும் வருவதன்று சேமநிதி. ஒரே முறை கைக்கு வரும் தொகை அது. மகள் திருமணத்துக்கும், பழைய கடனுக்கும், மருத்துவத்துக்கும் அத்தொகையே நின்றது.

வயது வருமுன் வந்த ஓய்வு

1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை பெறாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. மலாயாவில் பல்லாண்டு உழைத்தும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காதிருந்த தோட்டத் தமிழர் பல்லாயிரவர் இதனால் கலங்கினர். 1969ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் பலர் சேமநிதியைப் பெற்றுக்கொண்டு கப்பலேறினர். நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் வேலையை விட்ட அவர்களை, வெளிப்பார்வைக்கு, முன்னதாக ஓய்வு பெற்றவர் எனலாம். ஆனால் அதனை ஓய்வு என எவரும் அழைக்கவில்லை. காரணம் எளிது. அவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

விருப்பத்தால் விலகுவதும் விலக்கப்படுவதும் காகிதத்தில் ஒன்றாகவே தோன்றும். ஆனால் விலகும் நாளின் மாலையில் எந்த வீட்டுக்குச் செல்வது என்னும் வினாவில் இரண்டும் வேறுபடும்.

லயத்து வீடு

இதுவே தோட்ட வரலாற்றின் நடுநாயகமான செய்தி. லயத்து வீடு தொழிலாளியின் வீடன்று, தொழிலின் வீடு. வேலை இருக்கும் வரை வாடகையின்றி வாழலாம். வேலை நின்றால் வீட்டை ஒப்படைக்கவேண்டும். ஆகவே தீபகற்பம் முழுவதிலும் தோட்டக் குடும்பங்கள் ஒரு வழியைக் கையாண்டன. தந்தையோ தாயோ ஓய்வு பெறும்போது பிள்ளைகளுள் ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்துகொள்வார். பெற்றோரின் கூரையைக் காக்கும் பொருட்டுப் பள்ளியை விட்டுப் பிரட்டுக்களத்தில் நின்ற பிள்ளைகள் உண்டு. தாயின் ஓய்வுக்கு விலையாக மகளின் படிப்பு சென்றது. ஒருவருடைய ஓய்வு மற்றொருவருடைய வாழ்வைக் கட்டிப்போடும் என்பதைத் தமிழாசிரியர் தம் வகுப்பறையிலேயே கண்டிருப்பர்.

இக்குறையை உணர்ந்தவர்களுள் துன் வீ. தி. சம்பந்தன் குறிப்பிடத்தக்கவர். 1950களின் பிற்பகுதியில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளரின் சிறு பங்குகளைத் திரட்டித் தோட்டங்களை வாங்கும் நோக்குடன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். கூலியாக வாழ்ந்தவன் மண்ணில் பங்குடையவன் ஆகவேண்டும் என்பது அதன் அடிப்படை.

கேமரன் மலையில் நிலம் பெறுவது மேலும் அரிது. அங்குக் காய்கறித் தோட்டங்கள் பலவற்றுக்கு ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தற்காலிக உரிமங்களே வழங்கப்பட்டு வந்தன. ஓராண்டு உரிமத்தை நம்பி முப்பதாண்டு முதுமையைத் திட்டமிடுவது எவ்வாறு?

ஐம்பத்தைந்தா, அறுபதா?

2012இல் நிறைவேறி 2013 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம், தனியார் துறையில் 60 வயதுக்கு முன் எவரையும் வயது காரணமாக ஓய்வு பெறச் செய்தல் ஆகாது என விதித்தது. சேமநிதியைப் பெறும் வயதோ 55ஆகவே நின்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஐந்தாண்டு தொழிலாளியின் கையில் விடப்பட்டது. கட்டாயத்தால் நிகழ்ந்தது தீர்மானத்தால் நிகழக்கூடியதாயிற்று.

அத்தீர்மானத்தின் கணக்கை நோக்குக. 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 11, முதலாளியின் பங்கு 13. ஆக மாதம் ஏறத்தாழ 408 வெள்ளி சேமநிதியில் சேரும். ஐந்தாண்டில் அது, ஈவுத்தொகை நீங்கலாக, 24,480 வெள்ளி. வேலையை விட்டுவிட்டு மாதம் ஆயிரம் வெள்ளி வீதம் செலவிடுவார் எனக் கொண்டால், அதே ஐந்தாண்டில் 60,000 வெள்ளி கரையும். சேராததும் கரைந்ததும் கூடினால் 84,480 வெள்ளி வேறுபாடு. ஐந்தாண்டு என்பது சிறிதன்று.

ஆயினும் கணக்கின் மறுபக்கமும் உண்டு. மலைச்சரிவில் மூடுபனியில் கூடை சுமந்தவரின் முழங்காலும் முதுகும் வெள்ளிக்கணக்கில் அடங்கா. கையால் பறித்த காலம் போய், கத்தரியும், இருவர் தூக்கிச் செல்லும் பொறியும் வந்த பின், முதியோர்க்கு ஏற்ற வேலை குறைந்தது. உடல் ஒத்துழையாதபோது அறுபது வரை நின்று தீரவேண்டும் எனக் கூறுவது அறமாகாது.

எனவே, தீர்மானம் ஐம்பத்தைந்தில் தொடங்குவதன்று. சேமநிதியின் ஒரு பகுதியை வீடு வாங்குவதற்கு முன்னரே எடுக்கலாம் என்பது விதி. நாற்பதில் அவ்வழியை நாடி, ரிங்லெட்டிலோ தாப்பாவிலோ ஒரு சிறு வீட்டுக்கு உரியவரானவர், ஐம்பத்தைந்தில் உடலைக் கேட்டு முடிவு செய்யலாம். வீடு இல்லாதவர்க்கு அந்த உரிமை இல்லை. முடிவை மற்றவர் செய்வர்.

ஓய்வுக்குப் பின்

உழைத்துப் பழகியவர்க்கு ஓய்வு என்பது கைகட்டி அமர்தலன்று. தோட்டத்து வாழ்வே இதனைக் கற்பித்தது. வேலை செய்த காலத்திலும் மாலையில் மாடு வளர்த்தவர், வீட்டோரம் கீரை விதைத்தவர், கோயில் திருவிழாவுக்கு வரி திரட்டியவர், பேரப்பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அழைத்துச் சென்றவர் அவர்கள். வேலை நின்றபின் இச்செயல்களே முழுநாளுக்கும் பொருளாகும். கன்றுகளைப் பேணும் நாற்றங்கால் வேலை போன்ற இலேசான பணிகளில் முதியோரின் கைப்பழக்கம் இளையோர்க்கு வழிகாட்டும். எந்தச் சரிவில் எப்போது கவ்வாத்துச் செய்வது என்பதை நூல் கற்பிப்பதைவிட நாற்பதாண்டு கொழுந்து பறித்த விரல்கள் நன்கு கற்பிக்கும்.

இன்று தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் நேபாளியரும் இந்தோனேசியரும் உழைக்கின்றனர். தமிழ் இளைஞர் பலர் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். எஞ்சிய முதியோரிடமே மலையின் நினைவு இருக்கின்றது. எந்த வயலை யார் திருத்தினர், எந்தக் கோயிலை யார் எழுப்பினர் என்பவை ஏட்டில் ஏறாதவை. அவற்றை மாணவர் கேட்டு எழுதுவாராயின், முதியோர்க்கு அது வேலையாகும். தமிழர் வரலாற்றுக்கு அது வரவாகும். அப்பணியைத் தொடங்கிவைக்கத் தமிழாசிரியரினும் தக்கவர் இலர்.

பிசிராந்தையார் கூறிய நான்கையும் மீண்டும் எண்ணுக. நல்ல வீடும் மக்களும், உடனிருந்து உதவுவோரும், முறையான சட்டமும், மதிக்கும் ஊரும் வாய்த்தவர் எந்த வயதிலும் ஓய்வு பெறலாம். கேமரன் மலை முதலில் சிலரின் ஓய்வுக்காகத் திருத்தப்பட்டது. அதனைத் திருத்திய கைகளுக்கும் அங்கேயே ஓய்வு கிடைக்கும் நாளில்தான் அந்நோக்கம் முழுமை பெறும்.