அலைமின்சாரம்: விழிஞ்ஞத்தின் அனுபவமும் கற்பிட்டிக் கரையும்

கற்பிட்டித் தீபகற்பம் இன்று இலங்கையின் மின்னாக்க மையங்களுள் ஒன்று. 2010இல் மாம்புரியில் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. மறு ஆண்டு நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதலாவது அலகு இயங்கியது. 2014இல் அதன் கொள்ளளவு 900 மெகாவாட் ஆயிற்று. ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாக உள்ள இந்நிலத்தில்தான் குறிஞ்சிப்பிட்டிக் கிராமமும் இருக்கிறது. காற்றும் நிலக்கரியும் வந்துவிட்ட இக்கரைக்கு அலையால் ஆகக்கூடியது என்ன என்பதை ஆராய, கேரளத்தின் விழிஞ்ஞத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

அலையின் விசையைப் பயன்கொள்ளும் எண்ணம் பழையது. பாரிசில் ஜிரார்டும் அவர் மகனும் 1799இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றனர். இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானியரான யோஷியோ மசுடா, அலையால் விளக்கெரியும் மிதவைகளை உருவாக்கினார். ஆனால் அரசுகள் இத்துறைக்குப் பணம் ஒதுக்கியது 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே. அக்காலத்தில் பெல்ஃபாஸ்ட் பேராசிரியர் ஆலன் வெல்ஸ் வடிவமைத்த சுழலிதான் பின்னர் விழிஞ்ஞத்துக்கு வந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யின் பொறியியலாளர்கள் இந்திய அரசின் கடல் வளர்ச்சித் துறையின் ஆதரவுடன் அங்கே 150 கிலோவாட் நிலையமொன்றை நிறுவினர். அது 1991இல் இயங்கத் தொடங்கியது. துறைமுக அலைதாங்கிக்கு வெளியே, கடலடியில் அமர்த்தப்பட்ட பெரிய கொங்கிறீற் அறை. நீருக்குள் அதன் வாய் திறந்திருக்கும். அலை உள்ளே ஏறும்போது அறையிலுள்ள காற்று மேல்நோக்கித் தள்ளப்படும். அலை இறங்கும்போது வெளிக்காற்று உள்ளிழுக்கப்படும். காற்று எத்திசையில் பாய்ந்தாலும் வெல்ஸ் சுழலி ஒரே திசையில் சுழலும். அதன் சிறப்பு அதுவே. பெரிய அலைகளில் காற்றோட்டம் மிகும்போது விசை குன்றுவது அதன் குறை. எனவே பிற்காலத்தில் வேறுவகைச் சுழலியும் அங்கே சோதிக்கப்பட்டது.

இயந்திரத்தைவிடப் பெரிய தடை பருவம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சராசரியாக 75 கிலோவாட் எதிர்பார்க்கப்பட்ட நிலையத்தில், டிசம்பர் முதல் மார்ச் வரை எதிர்பார்ப்பே 25 கிலோவாட்தான். அதே கடல், அதே அறை, மூன்றிலொரு பங்கு மின்சாரம். மின்வலையமைப்புக்கு இது பெரும் குறை. 2004இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அந்த மின்சாரத்தைக் கடல்நீரைக் குடிநீராக்கத் திருப்பியது. நாளொன்றுக்குச் சுமார் 10,000 லீட்டர் கொள்ளளவுடைய சிறிய முயற்சி அது. ஆயினும் இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பமாக அதையே கருதுகிறேன். மின்சாரத்தைச் சேமித்து வைக்கச் செலவு அதிகம். தண்ணீரைத் தொட்டியில் சேமிக்கலாம். அளவிலும் சிறியதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது: 2022 நவம்பரில் சென்னை ஐ.ஐ.டி. தூத்துக்குடிக் கடலில் சோதித்த சிந்துஜா-1 மிதவையும் 100 வாட் அளவிலான சிறு கருவிதான்.

மின்சாரத்தைவிடத் தண்ணீர் என்ற இந்தப் பாடம் கற்பிட்டிக்கும் பொருந்தும். இங்கே அலை உயர்வது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில். காற்றாலைகள் மிகுதியாகச் சுழல்வதும் அப்போதே. ஆகவே அலைமின்சாரத்தை வலையமைப்பில் சேர்த்தாலும் காற்று ஓய்ந்த மாதங்களின் குறை தீராது. ஆனால் புத்தளம் மாவட்டத்துக்குப் பெருமழை ஒக்டோபருக்குப் பிறகே வருகிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சி. போதாக்குறைக்கு, வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் பயிராகும் மணல்நிலத்தில், உரத்தின் நைத்திரேற்று நிலத்தடி நீரில் கலந்திருப்பதை ஆய்வுகள் 1980களிலிருந்தே காட்டி வருகின்றன. கிணறு வற்றும் மாதங்களும் கடல் குமுறும் மாதங்களும் இங்கே ஒன்று.

ஆயினும் தீபகற்பத்தின் வடக்கே முருகைக்கற் பாறைத்தொடர் அலையைத் தணிக்கும். அதன் ஒரு பகுதி 1992 முதல் சரணாலயமுமாகும். ஆகவே இடத்தேர்வில் மிகுந்த கவனம் வேண்டும். நுரைச்சோலைக்கு நிகராக மெகாவாட் தேடுவது இக்கரையில் வீண். இலங்கை நிலைபெறுதகு வலுச்சக்தி அதிகாரசபையும் பல்கலைக்கழகங்களும் குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்துக் கடலில் ஆண்டு முழுவதும் அலையை அளந்து, ஒரு கிராமத்துக்குப் போதுமான குடிநீர் அலகு ஒன்றை முதலில் அமைத்துப் பார்க்க வேண்டும்.