‘தமிழன்’ இதழும் வீட்டு வழங்கியும்

1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சுரங்க வேலைக்காகக் கோலார் தங்கவயலுக்குப் பெயர்ந்திருந்த ஒடுக்கப்பட்ட மக்களிடையே அதற்கு உறுதியான வாசகர் வட்டம் இருந்தது. ஆனால் அந்த வாசிப்பு சென்னையில் இருந்த ஒற்றை அலுவலகத்தைச் சார்ந்திருந்தது. 1914இல் பண்டிதர் மறைந்தார். இதழும் அதன்பின் நெடுநாள் நீடிக்கவில்லை.

ஒற்றை இடத்தைச் சார்ந்த வாசிப்பின் இதே நொய்ம்மையை, 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டபோது இணைய வாசகர்கள் கண்டனர். ஒரு தளத்தில் புதிதாக வெளிவந்தவற்றைப் பட்டியலிட்டுத் தரும் செய்தியோடை வடிவம் 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவானது. அத்தகைய ஓடைகளை 2005 முதல் ஓரிடத்தில் திரட்டித் தந்தது கூகுள் ரீடர். அது நின்றதும் பலர் வேறு நிறுவனங்களை நாடினர். சிலர் மட்டும் ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃபிளக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களைத் தம் வீட்டுக் கணினியிலேயே நிறுவிக்கொண்டனர். அவ்வழங்கி குறித்த இடைவெளியில் ஓடைகளைப் பார்வையிட்டு, வந்தவற்றைத் தன் தரவுத்தளத்தில் சேமிக்கும். உரியவர் எவ்வூரில் இருந்தாலும் மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பின்வழி கைப்பேசியில் படிக்கலாம். (ஆங்கிலத்தில் ஏவல் செய்வதைச் சுட்டும் சொல்லைத் தமிழ் ‘வழங்கி’ என ஆக்கிக்கொண்டது, ஏவலாள் கொடையாளன் ஆன பெயர்மாற்றம் இது.)

ஒப்புமை இங்கே முறிகிறது. வீட்டு வழங்கி வைத்திருப்பவர் பெறும் முனையை மட்டுமே தம் வசப்படுத்துகிறார். தளம் எழுதுவதை நிறுத்திவிட்டால் அவரிடம் பழைய கட்டுரைகளே எஞ்சும். தங்கவயலாரோ ஊற்றையே தம் ஊருக்குக் கொண்டுவந்தனர். 1926இல் கோ. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு ‘தமிழன்’ அங்கிருந்தே மீண்டும் வெளிவரத் தொடங்கியது. தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக்கியது. ‘இந்திரர் தேச சரித்திரம்’ அவற்றுள் ஒன்று. நாளெல்லாம் நிலத்தடியில் உழைத்த மக்களிடையே ஒரு பதிப்பகம் வேரூன்றியது தமிழ் அச்சு வரலாற்றில் உரிய கவனத்தை இன்னும் பெறவில்லை.

எனினும் பழைய படிகள் எஞ்சுவதும் சிறிய காரியமன்று. ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. அதற்கு உதவியவை, அன்பு பொன்னோவியம் போன்ற தனிமனிதர்கள் பல்லாண்டுக் காலம் தம்மிடம் காத்துவைத்திருந்த ‘தமிழன்’ இதழ்கள்.